உப்பு வேர்க்கும் மாதம்

தேவாரத்தில் வரும் பாலாவி மன்னார்ப் பக்கத்துத் தீர்த்தம். நான் சொல்வது புத்தளத்துப் பாலாவி. கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் சந்தி, அருகே களப்பு, களப்பை அண்டி உப்பளம். உப்புத்தளம்தான் புத்தளமானது என்று ஊரில் சொல்வார்கள். பெயராராய்ச்சிக்காரர் என்ன சொன்னாலும் எனக்கு அது போதும்.

உம்மம்மாவின் குசினியில் உப்பு முட்டி எப்போதும் அடுப்போரம். ஐப்பசி பிறந்தால் முட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூக்கும், அடியில் நீர் தேங்கும். "உப்பு வேர்க்குது மகன், கொடியில கிடக்கிற உடுப்ப எடு" என்பார். பெரும்பாலும் மழை வரும். அதே குசினியில் சீனிப் போத்தல் பொலபொலவென்று இருக்கும். குட்டானுக்குள் பனங்கட்டி மட்டும் இளகி ஓலையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றும் ஒரே காற்றைத்தான் குடித்தன, ஆனால் நடத்தை வேறு. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

கணக்கு இப்படி: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சீனிக்கு அந்த எல்லை 85க்குப் பக்கம். பனங்கட்டியில் குளுக்கோசும் பிரக்டோசும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே இளகிவிடும். களப்பு நீரில் உப்போடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைட்டோ 33 சதவீதத்திலேயே நீர் விடும். முட்டியை முதலில் வேர்க்க வைத்தது அதுதான். அறுவடை செய்த உப்பைக் குவித்துக் கிடுகு வேய்ந்து கிடக்கவிட்டால் அந்தக் கசப்பு நீர் மெல்ல வடிந்துபோகும். பழைய குவியல் உப்புக்கு மதிப்பு கூட இருந்தது இதனால்தான்.

பாத்தியில் நீர் முற்றியதை அன்று நிறத்தையும் விரல் பிசுபிசுப்பையும் வைத்துச் சொன்னார்கள். இன்று நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி மிதக்கும். 25 பாகை அளவில் உப்பு விழத் தொடங்கும், 30ஐத் தொடுமுன் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும்.

பாத்தியை விட்டுவிட்டு, ஒரு பளிங்கின் தோலில் ஒட்டியிருக்கும் நீரைப் பார்ப்பது எப்படி? உப்பு கரைவதற்கு முன்பே அதன்மேல் சில மூலக்கூறு கனத்தில் நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கோ விரலுக்கோ அது எட்டாது, ஒளிக்கு எட்டும். நீர் மூலக்கூறின் கை என்று சொல்லத்தக்க ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு கம்பிச்சுருள் மாதிரி நீண்டு சுருங்குகிறது. பக்கத்து மூலக்கூறு கையைப் பிடித்திருந்தால் அந்த அதிர்வு தளரும், தனித்து நின்றால் விறைக்கும். சென்ரிமீற்றருக்கு 3,700 அலை என்றால் கை சும்மா தொங்குகிறது என்று அர்த்தம். பனிக்கட்டியில் அது 3,200 பக்கம் இறங்கிவிடும். சீனி மூலக்கூறில் இப்படிப் பிடிக்கக்கூடிய கைகள் எட்டு. அதில் நீர் வந்து ஒட்டும்போது எது எதைப் பிடித்தது என்பதை இந்த எண்களை வைத்தே படிக்கலாம்.

மூலக்கூறின் அதிர்வைச் சிதறும் ஒளியில் படிக்கும் வழி 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் திறந்தது. சி.வி. ராமனோடு அந்த வேலையில் நின்ற கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். தொடக்கத்தில் அவர்களுக்கு விளக்கு சூரியன்தான், உப்பளத்துக்கு அடுப்பும் அவனே. ஆனால் குடம் நீரின் பேச்சுக்கு நடுவே மேற்தோலின் முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்பது வேறு வித்தை. அதற்கு இரண்டு லேசர்களை ஒரே இடத்தில் விழவைப்பார்கள். உள்ளே எல்லாத் திசையும் பார்த்துக் கிடக்கும் மூலக்கூறுகளின் குரல் ஒன்றையொன்று அழித்துவிடும், ஓரத்தில் நிற்பவை மட்டும் கேட்கும். நீரின் மேற்பரப்பில் அந்தத் தொங்கும் கையை 1993இல் பெர்க்லியில் ஷென் குழுவினர் இப்படித்தான் கண்டார்கள்.

ஊர்க் கடையில் இப்போது முட்டி உப்பு இல்லை, பைக்கற்றுத்தான். 1995இல் அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கியபின் வேர்வைக்குப் புது விலை வந்தது. ஈரம் சொட்டினால் நீரோடு அயடேற்றும் போகும். உம்மம்மா அடுப்போரம் வைத்ததை நாங்கள் மூடி இறுக்கி அலுமாரியில் வைக்கிறோம்.

போன ஐப்பசியில் ஒரு தட்டில் குவியல் உப்பும் இன்னொன்றில் சீனியும் இரவு முழுக்கத் திறந்து வைத்தேன். விடியும்போது உப்பைச் சுற்றி மெல்லிய நீர் வளையம். சீனி உலர்ந்தே கிடந்தது. மகள் போனைப் பார்த்து, "ஈரப்பதம் 82 வாப்பா" என்றாள். நான் உடுப்பு எடுக்கப் போனேன்.