நந்தனார்: மேடையிலும் வெள்ளித்திரையிலும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழும் ஒன்றாய்க் கலந்தது இசை நாடகம். அந்நாளில் விடிய விடியப் பாடி நடிக்கப்பட்ட கதைகள் பல, பின்னர்த் திரைப்படங்களாயின. மேடையை விட்டுத் திரைக்கு வரும்போது ஒரு கதை பெறுவது என்ன? இழப்பது என்ன? இதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் காவிரிக் கரையில் வளர்ந்த நந்தனார் கதையே போதும்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இவர் பெயர் திருநாளைப்போவார். ஆதனூரில் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். ஆனால் அந்தக் கோயிலினுள் நுழைய அவருக்கு உரிமையில்லை! திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று கண்குளிரக் காணும்படி சிவபெருமான் நந்தியை விலகச் செய்தார் என்பது வரலாறு. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகிலுள்ள அவ்வூருக்குச் சென்றால் விலகியிருக்கும் நந்தியை இன்றும் காணலாம்.

சேக்கிழார் பாடிய வரலாற்றில் நந்தனாருக்கு எஜமானர் எவரும் இல்லை. அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரத்திற்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் இவர். தமது நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தனாரைப் பண்ணையாள் ஆக்கினார். நிலத்துக்குச் சொந்தக்காரராக ஒரு வேதியரை எதிரே நிறுத்தினார். சிதம்பரம் போக அனுமதி கேட்கிறார் நந்தனார். வேதியரோ, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்து, நெல்லை அறுத்துச் சேர்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஒரு வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 270 ஏக்கர்! நெல் விளையும் சீமையில் பிறந்த நமக்கு அந்த நிபந்தனையின் கொடுமையை எவரும் விளக்கத் தேவையில்லை. இறையருளால் ஒரே இரவில் அறுவடை முடிகிறது. வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார்.

பாரதியார் செய்த இந்த மாற்றமே கதையை மேடைக்கு உரியதாக்கிற்று. கேட்பவர் ஒருவர், மறுப்பவர் ஒருவர் என இருவர் இருந்தால்தானே நாடகம் பிறக்கும்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்நூலின் இலக்கணப் பிழைகளைக் கண்டு சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினாராம். பாரதியார் பாடக் கேட்டதும் மனமுருகித் தந்தாராம். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது செவிக்கு அமுதமாயிற்று. இதுவே இசையின் வலிமை.

தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கையில் சிப்ளாக்கட்டையுடன் நின்று இக்கதையைக் காலட்சேபம் செய்து புகழ் பெற்றார். கதை சொல்பவர் ஒருவரே நந்தனாராகவும் வேதியராகவும் மாறுவார். பிறகு நாடகக் குழுவினரும் இதை நடித்தனர். வயல் வரைந்த ஒரு திரைச்சீலை இருந்தால் போதும். மற்றதைக் கேட்பவர் மனமே நிரப்பிக் கொள்ளும். பாட்டு நன்றாயிருந்தால் சபையோர் "ஒன்ஸ் மோர்" என்பார்கள். அதே பாட்டு மீண்டும் பொழியும். மேடையில் காலம் பாடகரின் கைக்குள் அடங்கியிருந்தது.

சினிமாவில் அவ்வாறு இல்லை. ஆயிரம் அடி பிலிம் ஓடி முடிய சுமார் பதினொரு நிமிடமே ஆகும். எவ்வளவு கைதட்டினாலும் படச்சுருள் நிற்காது. 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில், நாடக மேடையின் அரசியாக விளங்கிய கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பாட்டுக்குக் குறைவில்லை. ஆயினும் கல்கி, படத்தில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்ததாகக் கேலி செய்து எழுதினார் என்பர். இது வெறும் வேடிக்கையன்று. மேடையில் பெண் ஆண் வேடம் பூண்டால் குரல் நம்மை நம்ப வைக்கும். காமிராவோ முகத்தருகே வருகிறது. பின்னால் உண்மையான மரம் நிற்கிறது. உண்மையான மரத்தின் முன் வேடம் வேடமாகவே தெரிந்துவிடுகிறது!

1942-இல் ஜெமினி நிறுவனம் நந்தனாரை மீண்டும் படமாக்கியது. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசனின் நிறுவனம் அது. தேவாரப் பண்களில் தேர்ந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும், செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். இசையும் உருவமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பாடல்களின் நீளம் குறைந்தது உண்மையே. ஆனால் கெஞ்சுபவர் முகத்தையும் மறுப்பவர் முகத்தையும் அருகில் காணும் வாய்ப்பை மேடையின் கடைசி வரிசையில் இருந்தவர் பெற்றதில்லை. செவிக்குக் கிடைத்த விருந்து சற்றுக் குறைய, கண்ணுக்குக் கிடைத்த உண்மை பெருகிற்று எனலாம்.

இவ்விரு படங்களுக்கும் இடையில், 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். சினிமாக் கொட்டகையும் தன் பங்குக்கு ஒரு கதவைத் திறந்தது. சாதியைப் பார்க்காமல், கொடுத்த காசைப் பார்த்துத் தமிழர் அனைவரையும் ஒரே கூரையின் கீழ் அமரச் செய்த முதல் கலையரங்கு சினிமாவே என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியுள்ளார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் கதையை எல்லோரும் உள்ளே அமர்ந்து பார்த்தார்கள் என்பது எவ்வளவு பொருத்தம்!

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தில்லைக்கு வந்த நந்தனார் ஏன் தீயில் இறங்கிய பின்பே உள்ளே செல்ல வேண்டும்? பக்தியோடு கேட்கும்போது அது அற்புதமாக ஒலிக்கிறது. ஆனால் கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி, 1978-இல் எழுதிய நந்தன் கதை நாடகத்தில், அந்தத் தீயைச் சூழ்ச்சியாகக் காட்டினார். 1968 கிறிஸ்துமஸ் நாளன்று இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைக் குருதிப்புனல் என்னும் நாவலாக்கியவரும் அவரே. திரைக்குச் சென்ற கதை, புதிய கேள்வியோடு மேடைக்குத் திரும்பியது.

ஆகவே, மேடை உயர்ந்ததா, திரை உயர்ந்ததா என்று வழக்காடுவதில் பயனில்லை. மேடை நந்தனாரின் ஏக்கத்தைக் கேட்கச் செய்தது. திரை அவர் முகத்தைக் காணச் செய்தது. தோழியரே, ஒரே கதையை இருவிதமாகக் காணும் வாய்ப்பு வந்தால் எந்தப் பாட்டு விடுபட்டது என்று மட்டும் எண்ணாதீர்கள். யார் வெளியே நிற்கிறார், யார் அவரை நிறுத்துகிறார் என்பதையும் பாருங்கள். நந்தனாருக்காகக் கண்ணீர் விடுவது எளிது. நம் வாசலில் நிற்பவரை உள்ளே அழைப்பதே அக்கதையைச் சரியாகக் கேட்டதற்கு அடையாளம்.