ஆர்டர் இரண்டு மடங்கு, கையில் காசில்லை

கோவையில் லேத், சிஎன்சி போட்டு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு பில் போகிறது. கம்பெனி 60 நாளில் பணம் தருகிறது. ஆக, எப்போது பார்த்தாலும் 10 லட்சம் வெளியில் நிற்கும். அது பழகிப்போன பாக்கி. இப்போது அதே கம்பெனி ஆர்டரை இரட்டிப்பாக்குகிறது. வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். வெளியில் நிற்பது 20 லட்சமாகிவிடும். லாபம் 10 சதவீதம் என்றால், கூடுதலாக முடங்கும் 10 லட்சத்தில் 9 லட்சம் நம் கைமுதல்: இரும்பு, கூலி, கரண்ட் பில். அதை இரண்டே மாதத்தில் புரட்டியாக வேண்டும். மாத லாபமோ 50 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாகத்தான் கூடுகிறது. இதற்கு மேல் ஜிஎஸ்டி. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கம்பெனி உங்களுக்குப் பணம் தந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்டர் இல்லாமல் மூடுகிற பட்டறைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆர்டர் வந்து மூச்சுத் திணறுகிறவர்களும் உண்டு.

எனவே விலை பேசும்போதே எத்தனை நாளில் பணம் என்பதையும் பேசுங்கள். மூலப்பொருளுக்கு அட்வான்ஸ் கேட்கலாம். இல்லையென்றால், “மெட்டீரியலை நீங்களே கொடுங்கள், நான் லேபருக்கு மட்டும் பில் போடுகிறேன்” என்று சொல்லலாம். பில் தொகை சிறுக்கும், லாபமும் சற்றுக் குறையலாம். ஆனால் முடங்கும் பணம் பெருமளவு குறையும். வளர்கிற கட்டத்தில் எனக்கு இதுவே சரி என்று படுகிறது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2024 ஏப்ரல் முதல் வந்த விதி இது. மார்ச் மாதம் பாக்கி கேட்கப் போகும்போது ஆடிட்டர்களே நமக்காகப் பேசுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

பணம் தராத கம்பெனி மீது இதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியின் அடுத்த ஆர்டர் சந்தேகம்தான். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் பில்களைப் பணமாக்கும் டிரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்பது விதி. அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொண்டால், அதை ஒரு வங்கி கழிவு பிடித்துக்கொண்டு முன்கூட்டியே பணமாக்கித் தரும்.

மேலே சொன்ன கெடு, வட்டி உரிமைகளுக்குத் தொழில் நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு வேண்டும், அதுவும் சரக்கு கொடுப்பதற்கு முன்பே. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம்; கட்டணம் கேட்பவர் தரகர்.