ஏலம் நின்ற நாட்களில் பணம் எங்கே மாட்டியது?

2019 ஆகஸ்டில் இடுக்கியிலுள்ள புத்தடி ஏல மையத்தில் ஒரு லாட் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அந்த ஆண்டு மழையும் தள்ளிப்போனதால் வந்த விலை அது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த விலையைக் கேட்ட பலர் சும்மா இருக்கவில்லை. இடுக்கியில் ஏலத்தோட்டம் வாங்கினார்கள், குத்தகைக்கு எடுத்தார்கள், காயை வாங்கி மூட்டையாக அடுக்கினார்கள். வீட்டு நகையை அடகு வைத்துப் போட்ட முதலும் அதில் உண்டு.

ஏழே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. போடியிலும் புத்தடியிலும் ஏலம் நின்றது. திரும்பத் தொடங்க 2020 மே கடைசி ஆகிவிட்டது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மலைக்குப் போகும் வழிகள் அடைபட்டதால், விடியுமுன் ஜீப் ஏறி வேலைக்குப் போகும் பெண்கள் கூலியில்லாமல் ஊரிலேயே முடங்கினார்கள். கோடையில் செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் தோட்டத்துக்காரரே மேலே போக முடியவில்லை. கீழே பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கியது. ஏலக்காயையாவது மூட்டையில் கட்டி வைக்கலாம். திராட்சை இரண்டு மூன்று நாள் தாங்காது.

ஏலம் மறுபடி நடந்தபோது, மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி நிறமும் பருமனும் பார்த்து விலை கேட்க வியாபாரிகள் வந்தார்கள். ஆனால் வாங்கி அனுப்ப வடக்கே சந்தை சரியாகத் திறக்கவில்லை. விலை படிப்படியாக இறங்கி, 2021-22 வாக்கில் 1,000 ரூபாய்க்கும் கீழே போனது. கடன் இல்லாதவர் தோட்டத்தைக் கைவிடாமல் காத்து, பின்னால் விலை ஏறியபோது மீண்டார். கடன் வாங்கி முதல் போட்டவர், வட்டி கட்டுவதற்காகவே அடிமாட்டு விலைக்கு விற்றார். பங்குச் சந்தையிலும் இதுதான் நடந்தது. 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23-இல் 7,610-க்கு விழுந்தது. நவம்பருக்குள் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. ஏப்ரலில் வீட்டுச் செலவுக்காக விற்றவருக்குத்தான் அது நிரந்தர நட்டம். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை, எடுக்க முடிகிற இடத்தில் தனியாக வைக்காமல் தோட்டத்திலும் பங்கிலும் முதல் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடன் வாங்கியவருக்கும் உரிமை உண்டு என்பது அன்று பலருக்குத் தெரியவில்லை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டத் தள்ளிவைப்பு கேட்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளுபடி என்று நினைத்தவர்கள் பிறகு வட்டிக் கணக்கைப் பார்த்துத் திகைத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வட்டியைத் தள்ளுபடி செய்யவில்லை.

நகைக்கடனில் இன்னொரு கண்ணி. 2020 ஆகஸ்டில் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியது. அதே மாதம், நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தர வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. உச்ச விலையில் முழு அளவுக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பது, 2021 மார்ச்சில் தங்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியபோது தெரிந்தது. நகை ஏலத்துக்குப் போகும் முன் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். ஏலத்தைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். தகவலுக்கு 14448.

நம் பக்கம் பலருடைய சேமிப்பு ஒத்தியில்தான் இருக்கிறது. வீட்டையோ வயலையோ ஒத்திக்கு எடுத்தவர்கள், கெடு முடிந்தும் பணம் திரும்பாமல் கொரோனாவில் தவித்தார்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்ற நம்பிக்கை தவறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஒத்திதான் அடமானமாகச் செல்லும். அது வில்லங்கச் சான்றில் ஏறும். பணம் வரும்வரை நீங்கள் அனுபோகத்தில் இருக்கலாம். பதிவுச் செலவுக்கு யோசித்து லட்சங்களை வெறும் தாளில் நம்பி விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி அதற்குப் பிறகு வந்தது. வங்கி வைப்பு வட்டி 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. வருமானம் அறுந்த குடும்பங்கள் கூடுதல் வட்டி தேடின. போலீஸ் கணக்குப்படி, ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனம் 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்றார்கள். ஏலக்காய் 7,000 விற்ற ஆண்டில்கூட எந்தத் தோட்டமும் போட்ட முதலுக்கு மாதம் 30 சதவீதம் கொடுத்ததில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது 2023-இல் வழக்குப் பதிவானபோது தென் மாவட்டங்கள் எல்லாம் பதறின.

ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 23-இல் பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளைத் திடீரென்று மூடியது. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. முதலீட்டாளர்கள் நீதிமன்றம் போனார்கள், அவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்ட் பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பியது. மூடிய நாளில் இருந்த மதிப்பைவிடக் கூடுதலாகவே வந்துசேர்ந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கண்காணிப்பில் இருந்த பணம் என்பதால்தான் அது முடிந்தது. அப்படிப்பட்ட முதலீட்டில் குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யுங்கள். 21 நாளில் பதில் வர வேண்டும்.

சீட்டு போடுகிறவர் பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படக் கூடாது. 1982 சிட் பண்ட் சட்டப்படி, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் காட்டிய பிறகுதான் நிறுவனம் சீட்டே தொடங்க முடியும். ஏமாந்துவிட்டால் ஏஜென்ட் உறவுக்காரர் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இன்படி பொருளாதாரக் குற்றப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் நகலெடுத்து இணையுங்கள். நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்று, முதலீட்டாளருக்குப் பிரித்துத் தர மதுரையில் தனி நீதிமன்றம் இருக்கிறது. புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் ஏறாமல் போகக்கூடும்.

கடைசியாக, கொரோனா தாக்கிய அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கு. அவருடைய பழைய பாஸ்புக்கை எடுத்து, இறந்த நாளுக்கு முந்தைய மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். 330 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்க வாய்ப்பு அதிகம். கொரோனா மரணத்துக்கும் 2 லட்சம் ரூபாய் உண்டு. கேட்கத் தெரியாமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. வங்கிக் கிளையில் இறப்புச் சான்றிதழோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கி, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புங்கள்.