ஓடைக்கு என்ன பேர், தாத்தா?

இடது கையை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? பீச்சாங்கை, நொட்டாங்கை, ஒரட்டாங்கை என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது, இல்லையா? இங்கிலாந்திலும் இதே கதைதான். இடது கைப் பழக்கம் உள்ளவரை வடகிழக்கில் ‘கடி விஃப்டர்’ என்பார்கள். தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலில் ‘கிளிக்கி’ என்பார்கள். நாம் படிக்கும் ‘லெஃப்ட் ஹேண்டட்’ பள்ளிக்கூடத்து ஆங்கிலம்.

எந்த ஊரில் எந்தச் சொல் என்று நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதான் என்று கிளம்பியவர் ஹரால்ட் ஆர்ட்டன். லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் யூஜன் டீத்தும் அவரும் சேர்ந்து 1,300-க்கு மேற்பட்ட கேள்விகளைத் தயாரித்தார்கள். 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் ஆய்வாளர்கள் அவற்றைக் கேட்டார்கள். பெரும்பாலும் சின்னச் சின்னக் கிராமங்கள்.

யாரிடம் கேட்பது? ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத வயதானவர்களிடம். காது நன்றாகக் கேட்க வேண்டும், வாயில் பல் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள்! பல் போனால் சில ஒலிகள் மாறிவிடுமே.

இன்னொரு கறாரான விதி: கேட்பவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லவே கூடாது. “பசுவை என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்டால், “பசு என்றுதான்” என்று பதில் வந்துவிடும். அதனால் பால் தரும் விலங்கு எது என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அல்லது பொருளையே சுட்டிக்காட்டுவார்கள். பதில் வந்ததும் ஒலிக்குறிகளால் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஸ்டான்லி எல்லிஸ் என்ற ஆய்வாளர் கேரவன் வண்டியையே வீடாக்கிக்கொண்டு இப்படி ஊர் ஊராகப் போனார்.

பதில்களை வரைபடத்தில் குறித்தபோதுதான் சுவாரசியம். சின்ன ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர் பக்கம் அது ‘பெக்’. அதற்கும் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி ‘பர்ன்’. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ‘புரூக்’. ஏன் இப்படி?

5-ஆம் நூற்றாண்டில் இன்றைய டென்மார்க், வடஜெர்மனிப் பக்கமிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஆங்கிலம். ‘பர்ன்’, ‘புரூக்’ இரண்டும் அவர்கள் சொற்கள். பிறகு வைக்கிங்குகள் வந்தார்கள். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைக் கொள்ளையடித்தார்கள். 865-இல் பெரும்படையாக வந்து, சில ஆண்டுகளில் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். ‘பெக்’ அவர்கள் சொல். நார்வேயில் இன்றும் ஓடைக்கு ‘பெக்’தான்! விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி என்று ‘பி’யில் முடியும் பெயர்களும் அவர்கள் வைத்தவையே. ‘பெக்’ வழங்கும் பகுதியைப் பார்த்தால், வைக்கிங்குகள் எங்கே அடர்த்தியாகக் குடியேறினார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய குடியேற்றத்தை ஒரு தாத்தாவின் பேச்சில் பிடித்துவிட்டார்கள், பாருங்கள்.

1066-இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்ததும் பெரிய கதைதான். ஆனால் அவர்கள் அரண்மனைக்காரர்கள். நீதிமன்றத்துக்கும் விருந்து மேசைக்கும் நிறையச் சொற்கள் தந்தார்கள். ஓடைப் பக்கம் அவ்வளவாக வரவில்லை!

இனி கடல் தாண்டுவோம். லண்டன்காரர் ‘கார்’ என்பதை ‘கா’ என்று முடித்துவிடுவார். அமெரிக்கர் பெரும்பாலும் ‘ர்’ரை விடமாட்டார். 1607-இல் ஆங்கிலேயர் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியபோது இங்கிலாந்திலும் பொதுவாக ‘ர்’ ஒலித்தது. லண்டனில் அது தேய்ந்தது பிற்பாடுதான். அந்தத் தேய்மானம் தொடங்கிய பிறகு, 1788-இல், ஆஸ்திரேலியக் குடியேற்றம் ஆரம்பித்தது. அதனால் அங்கேயும் ‘கா’தான். எல்லிஸ் காலத்துத் தென்மேற்கு இங்கிலாந்துத் தாத்தாக்கள் பழைய ‘ர்’ரை விடாமல் வைத்திருந்தார்கள்.

எல்லிஸின் காது 1979-இல் வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது. இங்கிலாந்துக் காவல்துறைக்கு ஓர் ஒலிநாடா வந்தது. “நீங்கள் தேடும் குற்றவாளி நான்தான்” என்று ஒரு குரல். எல்லிஸ் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வடகிழக்கில் சண்டர்லாந்து நகரம், அதிலும் சவுத்விக், காசில்டவுன் பக்கத்து ஆள் என்று பேட்டை வரை சொல்லிவிட்டார். பேசுகிறவன் உண்மைக் குற்றவாளி இல்லை, ஏமாற்றுக்காரனாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். அதைக் காவல்துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மைக் குற்றவாளி 1981-இல் பிடிபட்டபோது அவன் வேறு ஊர்க்காரனாக இருந்தான். ஒலிநாடாவை அனுப்பியவன் சிக்கியது 2005-இல்தான், உறையில் ஒட்டியிருந்த எச்சிலின் டி.என்.ஏ. மூலம். அவன் சண்டர்லாந்துக்காரன். எல்லிஸ் சொன்ன பேட்டைக்கு மிக அருகில் வாழ்ந்தவன்.