விசைக்கு எழுத்து தெரியாது

விசைப்பலகையில் 'எச்' விசையைத் தட்டுகிறீர்கள். கணினிக்குப் போவது எழுத்து அன்று, வெறும் எண்தான். லினக்ஸின் எக்ஸ் சாளர முறையில் அது 43. தமிழ்99 முறையில் அந்த எண்ணை 'க' ஆக்குவது, விசைகளை விவரிக்கும் ஓர் உரைக்கோப்பு. மாணவர்களே, அதை நீங்களே திருத்தலாம்! பிறகு கட்டளை வரியில் 'எக்ஸ்கேபிகாம்ப்' என்ற கருவியை இயக்கினால், உரையைக் கணினிக்கு ஏற்ற அட்டவணையாகத் தொகுத்துவிடும். கருவி கறாரானது, ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். ஆனால் 'க'வின் யுனிகோடு எண்ணுக்குப் பதில் 'ங'வின் எண்ணை எழுதியிருந்தால்? கண்டுகொள்ளாது. இலக்கணம் சரிதானே! 'கடல்' என்று தட்டினால் 'ஙடல்' வரும். ஆகவே தொகுத்தபின் ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள்.