தாயான பின் வயிற்றிற் கத்தி வைக்கலாமா?

சில மாதங்களுக்கு முன், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பஸ் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியிற் சன நெருக்கடி மிகுந்திருந்தது. இடைவழியில் ஏறிய இளம்பெண் ஒருத்தியைக் கண்டதும் முதியவர் ஒருவர் எழுந்து, "பிள்ளை, இதிலை இரும், இந்த நிலையிலை நிக்கக் கூடாது" என்று தமது ஆசனத்தைக் கொடுத்தார். அவள் மறுக்காமல் அமர்ந்துகொண்டாள். அவள் முன்னாளில் எம்மிடம் படித்தவள். இளைய மகனுக்கு வயது மூன்று. இப்போது அவள் கர்ப்பிணியல்லள். வண்டியை விட்டிறங்கியதும் எம்மருகே வந்து, "ரீச்சர், வயித்தை வெட்டித் தைக்கினமாம். அதைச் செய்யலாமோ?" என்று கேட்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

இரு பிள்ளைகளின் தாய்க்கு இனி அழகு எதற்கு என்று கடிந்துகொள்ளவே எமது நா முந்தியது. நல்ல வேளையாக அடங்கிற்று. படித்துப் பார்த்துச் சொல்வதாக விடைபெற்றோம். படித்தபின் எமது எண்ணம் சிறிது மாறியது என்பதை மறைக்காமற் கூறுகின்றோம்.

வயிற்றின் முன்புறத்தில் இரு நெடுந்தசைகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. அவற்றை நடுவே இணைப்பது வெண்ணிறமான ஒரு நார்ப்பட்டி. கருப்பை பெருக்கப் பெருக்க இப்பட்டி அகன்று மெலிய, தசைகள் இருபுறமும் விலகுகின்றன. குழந்தைக்கு இடங்கொடுக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பிரசவத்தின் பின் பெரும்பாலும் தானாகவே நெருங்கும். ஆயின் எல்லாருக்கும் முற்றாக நெருங்குவதில்லை. நோர்வே நாட்டில் முதற்பிள்ளை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, பேற்றின் பின் 6 ஆம் வாரத்தில் நூற்றுக்கு 60 பேரிடமும், 12 மாதங்கள் சென்ற பின்னும் ஏறக்குறைய 33 பேரிடமும் இவ்விலகல் காணப்பட்டது. ஆகவே எமது மாணவியின் வயிறு அவளுடைய சோம்பலின் விளைவென்று ஊரார் பேசுவது வீண் பழியேயாம்.

ஆழ்தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியே முதற் பரிகாரம். இதனை உடற்பயிற்சி வைத்தியம் அறிந்தவரிடம் முறையாகக் கற்றல் வேண்டும். பத்திரிகையைப் பார்த்துச் செய்தலாகாது, இப்பத்திரிகையைப் பார்த்தும்! எம் பாட்டிமார் வயிற்றைச் சீலையாற் கட்டிவிடுவது இடுப்புக்கு ஆறுதல் தரும். விலகிய தசையை அது இணைக்கும் என்பதற்கு நல்ல சான்றில்லை. மிக அகன்ற இடைவெளி பயிற்சியால் முற்றாக மூடுவதும், மிகத் தளர்ந்து தொங்கும் தோல் முன்போல் இறுகுவதும் அரிது. அவ்விடத்திலேதான் சத்திரசிகிச்சை நுழைகின்றது.

இது நேற்று முளைத்த நாகரிகமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பெண் நோய் வைத்திய நிபுணரான ஹொவார்ட் கெலி, ஒரு பெண்ணின் தொங்கும் வயிற்றை அறுத்துத் திருத்திய செய்தியை 1899 இலேயே வெளியிட்டார். பிறேசில் நாட்டு ஈவோ பித்தாங்கி, 300 பேருக்குச் செய்த சிகிச்சையை ஆராய்ந்து 1967 இல் எழுதினார். றியோ டி ஜனெய்ரோவில் வறியவர்களுக்கெனத் தனிப்பிரிவு நடத்தியவரும் அவரே.

முழு மயக்கத்தில், அடிவயிற்றிற் பக்கத்திலிருந்து பக்கம்வரை கீறி, தோலை மேலே உயர்த்தி, விலகிய தசைகளை நடுவே சேர்த்துத் தைப்பார்கள். மிகுந்த தோலை வெட்டி நீக்கியபின் தொப்புளுக்குப் புதுவாயில் அமைப்பார்கள். சில நாட்கள் கூனி நடக்க வேண்டும். ஏறக்குறைய 6 வாரங்கள் பாரந் தூக்கலாகாது. மூன்று வயதுப் பாலகன் ஓடிவந்து, "அம்மா, தூக்குங்கோ" என்று கை நீட்டினால் தாய் என் செய்வாள்? வீட்டில் வேறொருவர் துணையில்லாதவர்கள் இக்கேள்வியை முதலிற் கேட்டுக்கொள்ளவேண்டும். நீர் கோத்தல், புண் ஆறத் தாமதித்தல், தோல் மரத்தல், நீண்ட தழும்பு ஆகியனவும் உண்டு. காலின் நாளத்தில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் அரிதாயினும் உயிருக்கே உலைவைப்பது.

இன்னும் பிள்ளை பெற எண்ணுபவர் பொறுத்திருத்தல் நன்று. மீண்டும் கருவுற்றால் தைத்த இடம் மறுபடியும் தளரலாம். பாலூட்டல் முடிந்து சில மாதங்கள் சென்று, உடல் நிறை ஒரு நிலைக்கு வந்த பின்பே செய்வார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை தசையையோ தோலையோ திருத்தாது. வயிற்றையும் மார்பையும் ஒரே வேளையில் திருத்தும் 'மம்மி மேக்கோவர்' என்பதோ மயக்க நேரத்தை நீட்டுகின்றது.

மார்பைப் பற்றிய ஒரு கதை எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. 1962 இல், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ஆறு பிள்ளைகளின் தாயான டிம்மி ஜீன் லின்ட்சி, தமது மார்பிலிருந்த பச்சைகுத்தை அழிப்பிக்கத் தரும வைத்தியசாலைக்குச் சென்றார். வைத்தியர்களோ தாம் புதிதாக ஆக்கிய சிலிக்கோன் பையை மார்பினுள் வைத்துக்கொள்ளச் சம்மதமோ என்றனர். தமக்குக் காதுகளைத் திருத்துவதிலேயே விருப்பமென்றார் அவர். இரண்டையும் செய்தனர். உலகில் அவ்வகைப் பையை முதன்முதல் ஏற்றவர் அவரே. பின்னர் 1992 இல் அமெரிக்க அரசு அப்பைகளின் பாவனையைக் கட்டுப்படுத்தி, 2006 இல் மீண்டும் அனுமதித்தது. பிரான்சில் ஒரு கம்பனி தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்ற மோசம் 2010 இல் வெளிப்பட்டது. இப்பைகள் ஆயுள் முழுதும் நிலைப்பனவல்ல, மாற்ற நேரிடலாம். பிள்ளைப்பேற்றாலும் பாலூட்டலாலும் தளர்ந்த மார்பைப் பையின்றி உயர்த்தித் தைப்பதும் உண்டு.

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்ற அக்கதையை எம் மாணவிக்குச் சொன்னோம். "வயிற்றைத் திருத்த விரும்புவது நீயா, உன் கணவனா, பஸ்ஸில் வருகிறவர்களா?" என்றும் வினவினோம். "அவர் ஒண்டும் சொல்லுறேல்லை. எனக்குத்தான் ரீச்சர், பிள்ளையைத் தூக்கேக்கை வயிறு நடுவிலை கூம்பி வருகுது" என்றாள். அப்படியாயின் வைத்தியரிடம் விலகலை அளந்து பார்ப்பிக்கும்படி கூறினோம், அவ்வாறே சென்றாள். ஆறு மாதப் பயிற்சி முதலில், சத்திரசிகிச்சைப் பேச்சு அதன் பின் என்று அவர் விதித்திருக்கின்றார். இப்போது இரண்டு மாதங்கள் சென்றுள்ளன.

"இனி ஆரும் எழும்பி இடம் தந்தால் என்ன செய்வாய்?" என்று சென்ற வாரம் கேட்டோம்.

"இருப்பன் ரீச்சர். நாரி நோகுதெல்லே!" என்று சிரித்தாள்.