இறால் நோயும் கடல் பாக்டீரியாவின் டி.என்.ஏ. எழுத்தும்

திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே ஓடும் சுவர்ணமுகி நதி வங்கக் கடலில் கலக்கிறது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, புலிக்காட் ஏரியின் ஒரு பகுதியும் அதனையடுத்த கடற்கரையும் அதனுள் வந்தன. மாந்தோப்பும் கறவை மாடும் அறிந்த அலுவலர்கள், சித்தூரிலிருந்து வாகாடு போன்ற கடலோரப் பகுதிகளுக்கு மாற்றலாகிச் செல்லும்போது, உவர்நீர்க் குட்டைகளில் வளர்க்கப்படும் இறாலையும் அதன் நோய்களையும் புதிதாகக் கற்கவேண்டியவராகின்றனர். அவர்களுக்கும், அப்பகுதிப் பள்ளிகளில் உயிரியல் போதிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நம் நாட்டுக் குட்டைகளில் முன்னர் வளர்க்கப்பட்டது வரிகளையுடைய புலி இறால். 1994-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய வெண்புள்ளி நோய் அத்தொழிலைப் பெரிதும் நலிவடையச் செய்தது. அந்நோய்க்குக் காரணம் வைரஸ். 2009-இல் வன்னாமி எனப்படும் அமெரிக்க வெள்ளை இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தபின் தொழில் மீண்டும் தழைத்தது. ஆனால் அதே ஆண்டையொட்டிச் சீனாவில் வேறொரு நோய் தலைகாட்டி, வியட்நாம், மலேசியா, தாய்லாந்து நாடுகளுக்குப் பரவி, 2013-இல் மெக்ஸிகோவிலும் காணப்பட்டது. குட்டையில் குஞ்சு விட்ட முதல் ஒரு மாதத்துக்குள் இறால்கள் சோர்ந்து, தீனி எடாமல், கூட்டமாக மடிந்தன. அவற்றின் ஈரலும் கணையமும் ஒன்றாயமைந்த உறுப்பு வெளிறிச் சுருங்கியிருந்தது. இதுவே ஈரல்-கணைய அழுகல் நோய். ஆந்திரக் குட்டைகளில் நாள்தோறும் சிறிது சிறிதாக இறால் இறந்துகொண்டேயிருக்கும் நிலை ஒன்றுண்டு. அதனை விவசாயிகள் 'ரன்னிங் மார்ட்டாலிட்டி' என்பர். இரண்டையும் ஒன்றென்று கொள்வது பிழை.

2013-இல் அமெரிக்காவின் அரிஸோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்நோய்க்குக் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்னும் பாக்டீரியாவே என்று நிறுவினர். இக்கிருமி விஞ்ஞானத்துக்குப் புதியதன்று. 1950-இல் ஜப்பானின் ஒஸாகா பகுதியில் சிறு மீன்களை உண்டு பலர் நோயுற்றபோது ஃபுஜினோ என்பவர் இதனைப் பிரித்தெடுத்தார். 1996-இல் கல்கத்தாவில் மிகுதியாகக் காணப்பட்ட இதன் ஒரு வகை, பின்னர் உலகின் பல பாகங்களுக்கும் பரவியது. அவ்வகையைச் சார்ந்த ஒரு கிருமியின் டி.என்.ஏ. முழுவதும் 2003-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளால் எழுத்தெழுத்தாக வாசித்தறியப்பட்டது. அதற்கு இரண்டு குரோமோசோம்கள் உள்ளன. ஒன்றில் சுமார் 33 லட்சம் எழுத்துக்களும் மற்றொன்றில் சுமார் 19 லட்சம் எழுத்துக்களும் அடங்கியுள்ளன.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. இக்கிருமி வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுகத்திலும் எங்கும் சாதாரணமாக வாழ்வது. வசதியான சூழ்நிலையில் பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இரட்டிப்பாகக் கூடியது. நேற்றுவரை இறாலுடன் தீங்கின்றி இருந்துவந்த இது, இன்று அதனைக் கொல்வது எங்ஙனம்? நுண்ணோக்கியில் பார்த்தால் தீயதும் தீதற்றதும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு டி.என்.ஏ.யில்தான் இருந்தது.

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துக்களால் ஆன நீண்ட ஏடு. அதனை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவி இல்லை. ஒரு கீர்த்தனையின் நூறு பிரதிகளைத் தாறுமாறாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படித்து, ஓரங்களில் ஒத்துவரும் சொற்களைக் கொண்டு முழுப்பாட்டையும் மீண்டும் அமைப்பதை ஒத்தது இவ்வேலை. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்ப வருகிறது. பல்லவி மட்டுமே உள்ள சிறு துண்டு கையில் கிடைத்தால் அது எந்தச் சரணத்தை அடுத்தது என்று யார் கூறமுடியும்? முன்னும் பின்னும் சரணம் ஒட்டியிருக்கும் நீண்ட துண்டு வேண்டும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.யிலும் இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உள்ளன. ஒரு தடவைக்கு நூற்றைம்பது எழுத்துக்கள் போலக் குறைவாகப் படிக்கும் கருவிகள் பிழை குறைந்தவை. பல்லாயிரம் எழுத்துக்களைத் தொடர்ந்து படிக்கும் கருவிகள் பல்லவிச் சிக்கலை அவிழ்க்க உதவுபவை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது என்பது இத்துறையில் வழங்கும் கருத்து.

இங்ஙனம் வாசித்ததில், நோய் உண்டாக்கும் கிருமிகளில் மட்டும் குரோமோசோம்களுக்குப் புறம்பாக வளையமொன்று இருப்பது தெரியவந்தது. இத்தகைய வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். சுமார் 70,000 எழுத்துக்களைக் கொண்ட அதில் பிர்-ஏ, பிர்-பி என்னும் இரண்டு நச்சுப் புரதங்களுக்குரிய ஜீன்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. விந்தை யாதெனில், இவற்றையொத்த நச்சுக்கள் நிலத்தில் வாழும் புழுவொன்றின் உடலில் குடியிருந்து பூச்சிகளைக் கொல்லும் வேறொரு பாக்டீரியாவில் முன்னரே அறியப்பட்டிருந்தன. தைவான் விஞ்ஞானிகள் முன்னின்று 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்விரு ஜீன்களையும் நீக்கியவுடன் கிருமி நோயுண்டாக்கும் திறனை இழந்தது. அன்றியும் அந்தப் பிளாஸ்மிட், தன்னைக் கைவிடும் கிருமி மடிந்துபோகுமாறு ஓர் ஏற்பாட்டையும் தன்னுள் வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் என்றே இதனைக் கூறலாம்.

களத்தில் வேலை செய்வோருக்கு இதனால் என்ன என்று கேட்கக்கூடும். குட்டை நீரை டி.சி.பி.எஸ். என்னும் ஊட்டப்பொருள் தட்டில் தடவி, மறுநாள் தோன்றும் பச்சைப் புள்ளிகளையும் மஞ்சள் புள்ளிகளையும் எண்ணுவது ஊர்தோறும் உள்ள பரிசோதனைச்சாலைகளின் வழக்கம். பச்சை மிகுந்தால் ஆபத்து, மஞ்சள் மிகுந்தால் கவலையில்லை என்று விவசாயிகள் நம்புகின்றனர். உண்மையில் அந்நிறம் கூறுவது ஒன்றே: கிருமி கரும்புச் சர்க்கரையைப் புளிக்கச் செய்கிறதா, இல்லையா என்பது. செய்வது மஞ்சள், செய்யாதது பச்சை. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சைதான். ஆனால் நச்சு ஜீன் இல்லாத தீங்கற்றதும் பச்சையே. காலராக் கிருமியோ மஞ்சள். இந்நிறத்தை நம்பி, பயிர் முதிராமுன் குட்டையை வடித்து நட்டமடைந்தோரும் உண்டு. மருந்துக் கடைக்கு ஓடினோரும் உண்டு. இரண்டாவது வழி முதலாவதைவிடக் கொடியது. தடை செய்யப்பட்ட குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகியவற்றின் மிச்சம் இறாலில் அகப்பட்டால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு முழுவதும் நிராகரிக்கப்படும். மருந்துக்கு மசியாத தன்மையும் பிளாஸ்மிட்கள் வாயிலாகவே ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது.

கிருமியின் பெயரைக் கண்டறிவதும் போதாது. பாக்டீரியாக்களை இனங்காணப் பொதுவாகப் படிக்கப்படும் 16-எஸ் ஜீன் சுமார் 1,500 எழுத்துக்கள் கொண்டது; விப்ரியோ குடும்பத்தின் நெருங்கிய உறவினங்களில் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் அவற்றை எளிதில் பிரித்துக் காட்டாது. மேலும் அந்த நச்சுப் பிளாஸ்மிட் விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ காம்பெல்லி, விப்ரியோ ஓவன்சி ஆகியவற்றிலும் பின்னர் காணப்பட்டது. மறுபுறம், பிளாஸ்மிட் இருந்தும் நச்சு ஜீன்களை மட்டும் இழந்துவிட்ட கிருமிகளும் உள. அந்த ஜீன்களின் இருமருங்கிலும் இடம்பெயரக்கூடிய டி.என்.ஏ. துண்டுகள் இருப்பதே இதற்குக் காரணம். பிளாஸ்மிட்டின் வேறு பகுதியைத் தேடிய முதற்கால பி.சி.ஆர். சோதனைகள் இவற்றையும் குற்றவாளிகளாகக் காட்டின. ஆகவே 2014-இல் நச்சு ஜீனையே தேடும் சோதனை வந்தது. பரிசோதனைச்சாலையின் அறிக்கை கைக்கு வந்ததும், எந்த ஜீன் தேடப்பட்டது என்பதை அலுவலர் முதலில் பார்க்கவேண்டும்.

மாதிரி எடுப்பதில் காட்டும் கவனமே முடிவைத் தீர்மானிக்கிறது. கரையில் ஒதுங்கி அழுகிய இறாலால் பயனில்லை. அதில் பெருகியிருப்பவை பிணந்தின்னும் கிருமிகளே. சாகுந்தறுவாயில் உள்ள இறால்களையும், ஒப்பிடுவதற்காக நலமானவற்றையும் எடுக்கவேண்டும். டி.என்.ஏ. சோதனைக்குரியதை 95 சதவீத எதில் ஆல்கஹாலில் இடலாம். கிருமியை உயிரோடு வளர்க்கவேண்டுமாயின் ஆல்கஹாலும் ஆகாது, உறையவைப்பதும் ஆகாது. பனிக்கட்டிமேல் வைத்து அன்றே சேர்ப்பிக்கவேண்டும். திசுவை வெட்டி நுண்ணோக்கியில் காண டேவிட்சன் திரவத்தில் இடவேண்டும். சென்னையில் 1987-இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் தக்க அனுபவம் உடையது. நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டமும் 2013 முதல் நடந்துவருகிறது.

ஆசிரியர்களை மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி, அத்தகைய இறாலை உண்ணலாமா என்பது. இறாலைக் கொல்லும் வகைகளில் மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜீன்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அது வேறு நச்சு, வேறு ஜீன். எவ்வகையாயினும் நன்றாக வேகவைத்தால் இக்கிருமி பிழைப்பதில்லை. பச்சை இறாலை அரிந்த கத்தியாலும் பலகையாலும் சமைத்த உணவைத் தீண்டுவதே அடுக்களையில் நேரும் தவறு.